வெறும் வயிற்றில் நூற்றுப் பதினெட்டு

லேப் அம்மாவுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷம் உதவியாளராக நின்றே பழகிய கால்கள். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் அந்தச் செய்தி அவற்றுக்குப் போய்ச் சேரவில்லை. மாணவர்கள் கூப்பிட்ட பெயர் அக்கம்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கணவர் இறந்த பிறகு, விவாகரத்தாகித் திரும்பி வந்த மகளோடு இரண்டு அறை வீட்டில் இருந்தாள். சர்க்கரை வந்து ஏழு வருஷம். டாக்டர் நடக்கச் சொன்னபோது, "அதைத்தானே டாக்டர் நாள் முழுக்கப் பண்றேன்" என்று அவள் சொன்னாளாம்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் சர்க்கரைக் குழு கூடும். அறுபதைத் தாண்டியவர்கள் இருபத்திரண்டு பேர். சுகாதார நிலையத்து நர்ஸ் நடத்தினாள். பாதத்தைப் பார்ப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, யார் எதை ஒளித்துத் தின்றார்கள் என்று விசாரிப்பது எல்லாம் அங்கேதான். அன்றைக்கு அவள் ஒரு புது ஏற்பாட்டோடு வந்திருந்தாள்.

"இனிமே ஒவ்வொருத்தருக்கும் ஒரு சோடி. காலையில வாயில எதுவும் போடறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணணும். ஆறரைக்கு ஃபோன்ல நம்பரைச் சொல்லணும். உங்க நம்பரை அவங்க எழுதிக்கணும், அவங்க நம்பரை நீங்க எழுதிக்கணும். அவங்கவங்க நம்பரை அவங்கவங்களே எழுதினா, நாம எல்லாருமே நல்ல பிள்ளைங்கதான்."

சீட்டுகள் ஒரு காலி பிஸ்கட் டப்பாவில் இருந்தன. டப்பாவின் மேலிருந்த படத்தையே இரண்டு பேர் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். லேப் அம்மாவுக்கு ஒன்பது வந்தது.

"இன்னொரு ஒன்பது யாரு?"

கடைசி வரிசையில், அந்த வாரம்தான் புதிதாகச் சேர்ந்த உயரமான ஒருவர் மெல்ல எழுந்தார். லேப் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளின் மாமனார். முன்னாள் மாமனார்.

அவர் ஓர் அச்சகத்தில் நாற்பது வருஷம் புரூஃப் பார்த்தவர். சம்பந்தம் பேசிய காலத்திலேயே பெண் வீட்டார் அவருக்கு வைத்த பெயர் புரூஃப்காரர். கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்டப் போனபோது, வாங்க என்று சொல்வதற்கு முன்பே பேனாவை எடுத்து ஏழு பிழை கண்டுபிடித்த மனிதர். அதையெல்லாம் சிரித்து மறந்திருக்கலாம். மறக்க முடியாதது வேறு. மூன்றாம் வருஷம் ஒரு மதியம் அவருடைய பையன், மகளின் துணிமணிகளை வாரிக் கூடத்தில் வீசி எறிந்தான். அப்போது இந்த மனிதர் அதே கூடத்தில் மேஜையருகே உட்கார்ந்து தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். "தலையைக்கூட நிமிர்த்தலம்மா" என்று மகள் அன்றைக்கு வந்து அழுதது லேப் அம்மாவின் காதில் இன்னும் இருந்தது. பையன் இப்போது வேறு நாட்டில், வேறு மனைவியோடு. மாமியார் இறந்து இரண்டு வருஷம் என்று கேள்வி.

சோடியை மாற்றித் தரச் சொல்லலாம். ஆனால் ஏன் என்று நர்ஸ் கேட்பாள். இருபத்திரண்டு ஜோடிக் காதுகள் நிமிரும். லேப் அம்மா வாயைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. ஃபோன் எண்களை மாற்றிக்கொண்டு, வேறு வேறு வாசல் வழியாக வெளியேறினார்கள்.

மறுநாள் ஆறரைக்கு அவளே அழைத்தாள். மகள் ஏழு மணி வரை தூங்குவாள் என்பதால், துணி காயப்போடும் பின்பக்கத்து மாடத்துக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, ஈரத் துண்டுக்கும் போர்வைக்கும் நடுவே நின்று பேசினாள்.

"நூத்தி முப்பத்தி நாலு."

"எழுதிக்கிட்டேன். எனக்கு நூத்திப் பதினெட்டு."

"சரி."

அவ்வளவுதான். ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம், வீட்டுக்குத் தெரியாமல் காதலிக்கிற பெண்ணுக்குக்கூட அப்படி அடித்திருக்காது. அறுபத்து நாலு வயதில் இந்தக் கூத்து வேறா என்று தன்னையே திட்டிக்கொண்டு, காய்ந்திருந்த துணியை எடுத்து மறுபடியும் கொடியில் போட்டாள்.

ஒரு வாரம் எண்கள் மட்டும் போய் வந்தன. பிறகு எண்ணோடு ஒரு வாக்கியம் சேர்ந்தது. "இன்னைக்கு நடக்கப் போனீங்களா?" என்று அவர் கேட்டார். "சுகர் கொஞ்சம் ஏறியிருக்குது" என்று அவள் ஒருநாள் சொன்னபோது, "ஏறியிருக்கு. 'து' வேண்டாம்" என்று அவர் திருத்தினார். அவள் பட்டென்று இணைப்பைத் துண்டித்தாள். அன்று முழுக்கக் கோபம் தணியவில்லை. மறுநாள் வேண்டுமென்றே "இறங்கியிருக்குது" என்றாள். அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது.

மூன்றாவது வாரம், குழுவில் காட்டுவதற்காக நோட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. அவருடைய எண்கள் வரிசையாக நின்றன. நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பதினைந்து, நூற்றுப் பதினெட்டு.

முப்பத்தொரு வருஷம் அவள் பார்க்காத ரீடிங்கா? பியூரெட் என்ற அளவுக் குழாயைத் திறக்காமலேயே, பக்கத்து மேஜையைப் பார்த்து மூன்று தடவையும் ஒரே அளவை எழுதிக்கொண்டு வரும் பையன்களை அவள் வாசலிலேயே பிடித்துவிடுவாள். உண்மையான அளவு ஒழுங்காக இருக்காது. தூங்காத இரவுக்கு ஒரு ஏற்றம், சளி பிடித்தால் ஒரு ஏற்றம், கூட நடந்தால் ஒரு இறக்கம் என்று தத்தித் தத்தித்தான் போகும். இவருடையது இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. அட்ஜஸ்ட் பண்ணின ரீடிங்.

"பொய்," என்றாள் சுவரைப் பார்த்து.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் முட்டையை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். வாசலுக்கு வந்தது எதற்கென்று தெரியாமல் திரும்பினாள். நர்ஸிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் கோள் மூட்டின மாதிரி ஆகும். சொல்லாவிட்டால், பொய்யை எழுதிக்கொள்ளும் கை அவளுடையது. அன்றைக்கு ஒருத்தி அழுதபோது பேசாமல் இருந்த மனிதர், இன்றைக்கு வாயைத் திறந்தால் வருவது பொய். இவருக்காகவா ஈரத் துண்டுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறோம் என்று நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய எண் நூற்று அறுபத்தொன்றுக்கு ஏறியது. அதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"என்ன ஆச்சு? ராத்திரி தூங்கலையா?" என்றார் அவர்.

"உங்களுது எவ்வளவு?"

"நூத்திப் பதினேழு."

"மீட்டரைப் பார்த்துச் சொல்றீங்களா?"

"பார்க்காம எப்படிச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நூலகத்துக்கு ஒரு கண் கேமரா வந்திருந்தது. சர்க்கரை கண்ணின் உள்ளே போய் வேலை காட்டுமென்றும், வலி தெரியாதென்றும், வருஷத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்க்க வேண்டுமென்றும் நர்ஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. புரூஃப்காரர் வெளியே போய்க்கொண்டிருந்தார். லேப் அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். பையைத் தூக்கிக்கொண்டு அவளும் கிளம்பிவிட்டாள்.

நாலு விஷயம் நறுக்கென்று கேட்டுவிடுவதுதான் அவள் எண்ணம். ஆனால் வாசற்படியில் அவர் நின்ற விதம் அவளைத் தடுத்தது. ஒரு காலை முன்னால் நீட்டி, படியின் விளிம்பைச் செருப்பால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார். அடுத்த படிக்கும் அப்படியே. தெருமுனையில் பச்சை விளக்கு விழுந்தும் நகரவில்லை. பள்ளிப் பையோடு ஒரு பெண் நடக்கத் தொடங்கியதும் அவளை ஒட்டிக்கொண்டு கடந்தார். மருந்துக்கடை வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளில் மோதிக்கொண்டு, அதனிடம் "மன்னிக்கணும்" என்றார்.

சண்டை போட வந்தவள் நாலு தெரு பின்னாலேயே நடந்து, அவருடைய வீட்டு மாடிப்படி வரைக்கும் போனாள். சாவித் துவாரத்தை அவர் விரலால் தேடும்போதுதான் பேசினாள்.

"நான்தான்."

அவர் திரும்பினார். முகத்தைப் பார்க்காமல், குரல் வந்த இடத்தைப் பார்த்தார். "சம்பந்தியம்மா," என்றார், பழைய பழக்கத்தில். சொன்ன பிறகு, எழுத்துப் பிழையைக் கண்டவர் போல உதட்டைக் கடித்துக்கொண்டார். வேறு என்னவென்று கூப்பிடுவது என்று அவளுக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் பிரிந்த பிறகு பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்பதற்கு யாரும் ஒரு வார்த்தை செய்து வைக்கவில்லை.

உள்ளே எல்லாம் துடைத்துவைத்தது போல இருந்தது, மேஜை ஒன்றைத் தவிர. அதன்மேல் சோதனைப் பட்டைகள் சிதறிக் கிடந்தன. பாதியில் ரத்தமே படவில்லை. பட்டையின் நுனி தெரியாமல் பக்கத்தில் சொட்டு வைத்திருக்கிறார். வெள்ளைத் துணியில் குட்டிக் குட்டியாகக் காய்ந்த சிவப்புப் பொட்டுகள். அவரது விரல் நுனிகளெல்லாம் சல்லடையாக இருந்தன.

"கையைக் கொடுங்க," என்றாள். ஆய்வகத்தில் மாணவர்களிடம் பேசும் குரல் தானாக வந்தது. ஊசியால் விரலைக் குத்தி, சொட்டைப் பட்டையில் சரியாகத் தொட்டு, மீட்டரைப் பார்த்தாள்.

"எவ்வளவு?" என்றார்.

"இருநூத்தி எண்பத்தேழு."

அவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "இடது கண்ணுல ஒன்றரை மாசமா கறுப்பு நூல் மாதிரி மிதக்குது. இப்ப நூலெல்லாம் சேர்ந்து திரை ஆயிடுச்சு. வலது கண்ணுல பெரிய எழுத்துன்னா தெரியும். மீட்டர்ல இருக்கற நம்பர் தெரியாது."

"இதை வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"நாப்பது வருஷம் ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூடப் பிடிச்சவன். எதிர்ல இருக்கற ஆளே தெரியலன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? பையனுக்குத் தெரிஞ்சா எங்கயாவது கொண்டுபோய்ச் சேர்த்துடுவான்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம், காலையில ஒரு ஃபோன் வருது. நம்பர் மோசமா இருந்தா விசாரணை வரும், நர்ஸ் வருவாங்க, சோடியை மாத்திடுவாங்க. நல்ல நம்பரா சொன்னா ஃபோன் வந்துக்கிட்டே இருக்கும்னு நினைச்சேன்."

லேப் அம்மா அந்தச் சின்ன அறையில் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நாலு தடவை நடந்தாள். இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காகக் கோபமும் வந்தது. கடைசியில், நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்த கேள்வியைக் கேட்டேவிட்டாள்.

"அன்னைக்கு ஏன் நிமிரல?"

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. "நிமிர்ந்தா பார்க்கணும். பார்த்துட்டா ஏதாவது சொல்லணும். எனக்கு என் பையன்கிட்ட பயம்," என்றார். "அன்னைக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் தெரிஞ்சுது."

அவள் ஃபோனை எடுத்து நர்ஸை அழைத்தாள். நர்ஸ் திட்டவில்லை, திட்ட நேரமில்லை என்றாள். ஒரு மணி நேரத்தில் கண் மருத்துவமனையில் பேசி, வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு இடம் வாங்கிவிட்டாள். "கண்ணுல மருந்து ஊத்துவாங்க. தனியா விட மாட்டாங்க. கூட ஒரு ஆள் கட்டாயம் வேணும்."

"நான் வரேன்," என்றாள் லேப் அம்மா. சொன்ன பிறகுதான் மகளின் ஞாபகம் வந்தது.

மகள் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள். எதையும் இரண்டு தடவை கேட்க மாட்டாள். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சோடி, மாடத்து ஃபோன், பொய் எண், கண், வியாழக்கிழமை.

"அந்த ஆளுக்கா?" என்றாள் மகள். "மூணு வாரமா என் முதுகுக்குப் பின்னாடி அந்த ஆளோட பேசிட்டு இருந்திருக்க."

"பேசினது நம்பர்தான்டி."

"நான் அந்த வீட்டுல மூணு வருஷம் இருந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்காக ஒரு வார்த்தை. வரல. இப்ப அவருக்குக் கண்ணு தெரியலன்னா நீ ஓடற."

"நீ சொல்றது எல்லாம் சரி. ஆனா நான் பார்த்துட்டேனே. சைக்கிள்கிட்ட மன்னிப்புக் கேட்டதைப் பார்த்துட்டேன். பார்த்த பிறகு வேற பக்கம் திரும்பிக்கிட்டா, நானும் அவரும் ஒண்ணுதானே?"

மகள் அறைக்குள் போனாள். புதன்கிழமை முழுக்க அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும் பேசின.

வியாழக்கிழமை பரபரப்பில் லேப் அம்மா மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை மறந்தாள். குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம், "மாத்திரை போட்டா வயிறு காயக் கூடாது" என்று பாடம் எடுக்கிறவள் அவள்தான். மருத்துவமனையில் கண்ணுக்குச் சொட்டு ஊற்றினார்கள், படம் எடுத்தார்கள், காத்திருங்கள் என்றார்கள். மறுபடி ஊற்றினார்கள். பெயர் கூப்பிடுவார்களோ என்று அவள் உட்காராமல், நீண்ட நடைக்கூடத்தில் குடிநீர்க் குழாய்க்கும் கணக்கர் ஜன்னலுக்குமாக அளந்துகொண்டிருந்தாள். பதினொன்றரை மணிக்கு எல்லோர் மீதும் எரிச்சல் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவரின் செருப்பு நிறத்தின் மீதுகூட.

"இன்னும் எவ்வளவு நேரமாம்?" என்று புரூஃப்காரர் கேட்டார்.

"எனக்கு என்ன தெரியும்? நான் என்ன டாக் ... டாக்டரா ... அந்த ஜன்னல்ல ..." வாக்கியம் எங்கே போய் முடிய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். "பேச்சு குழறுது. நீங்க எப்பவும் வினைச்சொல்லை விழுங்க மாட்டீங்க. உட்காருங்க."

"நான் நல்லாத்தான் ..."

"உட்காருங்கன்னா உட்காருங்க!"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர் குரலை உயர்த்தி அவள் கேட்டதே இல்லை. முழங்கால் தானாக மடங்க, பக்கத்து நாற்காலியில் விழுந்தாள். உள்ளங்கை நனைந்திருந்தது, விரல்கள் நடுங்கின. அவர் சட்டைப்பையைத் தடவி, குழுவில் எல்லோருக்கும் கொடுத்திருந்த குளுக்கோஸ் மாத்திரை உறையை எடுத்தார். பிரிக்கத் தெரியாமல் பல்லால் கிழித்து, காற்றில் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். மூன்றையும் மென்றாள். பிறகு அவர் அந்தப் பக்கம் நின்ற யாரையோ, "இங்க ஒருத்தருக்குச் சுகர் இறங்கிடுச்சு, கொஞ்சம் கவனிங்க" என்று அழைத்தார். அழைத்தது ஒரு தூணை. ஆனாலும் குரல் கேட்டு உண்மையான நர்ஸ் ஒருத்தி ஓடி வந்துவிட்டாள்.

கால் மணி நேரத்தில் கை நடுக்கம் நின்றது. நர்ஸ் வாங்கித் தந்த ரொட்டியைத் தின்றபடி, "தூண்கிட்டப் பேசினீங்க," என்றாள்.

"தூணா? நல்ல மாதிரியா நின்னு கேட்டுதே," என்றார். அவள் சிரித்துவிட்டாள், ரொட்டி புரையேறியது.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இடது கண்ணில் ரத்தக்கசிவு. அறுவை செய்தாலும் ஓரளவுதான். வலது கண்ணைக் காப்பாற்றலாம், அன்றைக்கே லேசர் தொடங்கினால். இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் அதுவும் கையை விட்டுப் போயிருக்கும். அன்றைக்கே தொடங்கினார்கள்.

திரும்பி வரும்போது மகளிடமிருந்து அழைப்பு. "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. வலது கண்ணு தப்பிச்சுது."

பின்னால் அலுவலகத்துத் தொலைபேசிகள் அடித்துக்கொண்டிருந்தன. "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு மகள் வைத்துவிட்டாள்.

சோடியை மாற்ற வேண்டாம் என்று லேப் அம்மாவே நர்ஸிடம் சொன்னாள். சுகாதார நிலையத்திலிருந்து அவருக்கு எண்ணை வாய்விட்டுச் சொல்லும் மீட்டர் ஒன்று கிடைத்தது. அதன் உச்சரிப்பு சரியில்லை என்று அவர் தினமும் குறைபட்டார். இப்போது வந்த எண்கள் அழகானவை அல்ல. இருநூற்று முப்பது, இருநூற்றுப் பன்னிரண்டு, நூற்றுத் தொண்ணூற்றாறு, மறுபடி இருநூற்று ஐந்து. தத்தித் தத்தித்தான் இறங்கின. லேப் அம்மா ஒவ்வொன்றையும் நிம்மதியோடு எழுதினாள். இப்போது மாடத்துக்குப் போவதில்லை. சமையலறையில் நின்றே பேசினாள். மகள் அந்த நேரத்தில் தன் அறைக் கதவைச் சாத்திவைத்திருப்பாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை. லேப் அம்மா குளித்துக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது. அவளுக்கு நேரமாகிவிட்டது, அவரே அழைக்கிறார். சோப்பு நுரையோடு அவள் குழாயை மூடித் துண்டைத் தேடுவதற்குள் மணி நின்றுவிட்டது. தலை சொட்டச் சொட்ட ஓடி வந்து பார்த்தாள். அன்றைக்குச் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பியிருந்த மகள் சமையலறை மேஜையருகே நின்றுகொண்டிருந்தாள். நோட்டு திறந்திருந்தது. அன்றைய தேதிக்கு நேரே, மகளின் சாய்ந்த கையெழுத்தில், நூற்று நாற்பத்து மூன்று என்று இருந்தது.

"என்ன பாக்கற?" என்றாள் மகள். "அடிச்சுது, எடுத்தேன். விட்டிருந்தா நீ ஈரக் காலோட ஓடி வந்து வழுக்கி விழுந்திருப்ப."

"என்ன சொன்னார்?"

"நம்பர் சொன்னார். எழுதிக்கிட்டேன்னு சொன்னேன். அப்புறம் என் பேரைச் சொல்லி, நல்லா இருக்கியாம்மான்னார்." பேனாவை மூடினாள். "வெச்சுட்டேன்."

கையில் பையோடு அவள் வேலைக்குக் கிளம்பிப் போனாள். வாசல் வரை போன லேப் அம்மா, மாடிப்படியில் மகளின் காலடிச் சத்தம் தேயும் வரை நின்றாள். பிறகு உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, தலைமுடி காயும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.